அரை இமைத் தாமதம்

காசு செலவில்லாமல் ஒரு குடும்பத்தை ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கச் சிரிக்க வைக்க வேண்டுமென்றால் நாலு பழைய கம்ப்யூட்டர் போதும். ஆபீஸில் கழித்துப் போடுகிறதே தாராளம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற விளையாட்டுகளில் பாதி குப்பை, மீதி தங்கம். பீரங்கிச் சண்டை இருக்கிறது, ஒருவர் மேல் ஒருவர் பெயிண்ட் அடிக்கிற ஆட்டம் இருக்கிறது, கார் பந்தயம் இருக்கிறது. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் அப்புறம் இணையமே வேண்டாம், வீட்டுக்குள் வயர் இழுத்து ஆடிக்கொள்ளலாம். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள், மேடம். இந்த வேலையெல்லாம் முடிந்ததும் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து போட்டுத் தருகிறேன்.

என் தொழில் அதுதான். ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நெட்வொர்க் பார்க்கிறேன். எல்லாம் ஒழுங்காக ஓடினால் என்னை யாருக்கும் தெரியாது. நின்றுபோனால் மட்டும் எல்லா மாடியிலும் என் பெயர் அடிபடும். என் மனைவி அப்படியில்லை. அவள் டவர் கிரேன் ஓட்டுகிறவள். கட்டடம் கட்டுகிற இடங்களில் வானத்தை முட்டிக்கொண்டு நிற்குமே, அதன் உச்சியில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதில் உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளை அசைத்து, கீழே ஆட்கள் நிற்க, அவர்கள் தலைக்கு மேலே இரும்புக் கட்டுகளைக் கொண்டுபோவாள். ஒருநாள் சாவி கொடுக்கப் போயிருந்தேன். அவளுடைய மேஸ்திரி என் தோளைத் தட்டினார். "உங்க வீட்டம்மா கை இருக்கே சார், தளும்பத் தளும்பத் தண்ணி ஊத்துன டம்ளரத் தூக்கி மேல் மாடியில வச்சாலும் ஒரு சொட்டு சிந்தாது." நான் அண்ணாந்து பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். கழுத்து வலித்தது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு மேல் வீட்டில் கொழுந்தியாளும் சகலையும் இருக்கிறார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் இருவரும் இறங்கி வந்துவிடுவார்கள். எங்கள் கூடத்தில் நாலு மேசை, நாலு கம்ப்யூட்டர். ஆட்டம் ஓடுவது என்னுடையதில். மற்ற மூன்றும் ஒரு சின்னப் பெட்டி வழியாக என்னுடன் சேரும்.

கார் பந்தயத்தில் என் மனைவிதான் ஜெயிப்பாள். எப்போதும். நான் கடைசி. எப்போதும். "சகலை, நீங்க ரோட்டுல ஓட்டுறீங்களா, இல்ல ரோட்டப் பெருக்குறீங்களா?" என்பார் அவர். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். என் மனைவி மட்டும் சிரிக்காமல் என் முதுகைத் தடவிக் கொடுத்து, "பரவால்ல விடுங்க, அடுத்த ஆட்டத்துல பாத்துக்கலாம்" என்பாள்.

எனக்குப் பொறாமை கிடையாது, மேடம். அதை நீங்கள் அக்கம்பக்கத்தில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். அந்தப் 'பரவால்ல'யை அவளிடம் ஒருமுறை நான் சொன்னால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு ருசி பார்க்கிற மாதிரி.

அந்தச் சின்னப் பெட்டியில் ஒரு வசதி உண்டு. என் இடத்தில் உட்கார்ந்தபடியே, யாராவது ஒருவர் வயரில் வருவதை மட்டும் கொஞ்சம் பிடித்து வைத்து அனுப்பலாம். என் மனைவியின் வயருக்குக் கண்ணிமைக்கிற நேரத்தில் பாதி வைத்தேன். அவள் திருப்பு என்று அழுத்துவாள், கார் அரை இமை கழித்துத் திரும்பும். அதற்குள் வளைவு தாண்டியிருக்கும்.

அன்றைக்கு அவள் சுவரில் முட்டினாள், பள்ளத்தில் விழுந்தாள், கடைசியாக வந்தாள். "நான் திருப்புனேனே" என்று தன் கையைப் பார்த்தாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்துப் 'பரவால்ல' என்றேன். நன்றாக இருந்தது. மறைக்க மாட்டேன், மிகவும் நன்றாக இருந்தது. அடுத்த வாரம் எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த வாரம் மறந்துவிட்டேன். அதற்கடுத்த வாரம் மறக்கவில்லை, ஆனாலும் எடுக்கவில்லை.

அவள் கெட்டிக்காரி. மௌஸை மாற்றிப் பார்த்தாள், கீபோர்டை மாற்றிப் பார்த்தாள். பிறகு, "வயர்ல ஏதாச்சும் கோளாறா இருக்குமோ?" என்று கேட்டாள். அவள் கண் முன்னாலேயே புது வயர் போட்டுக் கொடுத்தேன். "வேணும்னா உன் தங்கச்சிய உன் இடத்துல உக்காரச் சொல்லிப் பாரு" என்றும் நானேதான் சொன்னேன். கொழுந்தியாள் வந்து உட்காருவதற்குள் பெட்டியில் வைத்திருந்த தாமதத்தை எடுத்துவிட்டேன். அவள் வழக்கம்போல ஓட்டினாள், ஒரு குறையும் இல்லை. என் மனைவி திரும்ப வந்து உட்கார்ந்ததும் மறுபடி வைத்தேன். மறுபடி சுவரில் மோதினாள்.

"அப்ப வயர் இல்ல" என்றாள். "நான்தான்."

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். ஒரு தொழில்காரனுக்கு அதெல்லாம் அவ்வளவு லேசில்லை.

விளையாட்டில் தோற்றதை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, அதுதான் அவளிடம் உள்ள குறை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் தொட்டாலே வியர்க்கிறது என்றாள். ஒரு சாயங்காலம் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "கீழ ஆளுங்க நிக்கிறாங்க. என் கை லேட்டானா அவங்க தலையில போய் இறங்கும். நான் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்." நான் அவளை வேலையை விடச் சொல்லவே இல்லை. "உன் இஷ்டம்" என்றுதான் சொன்னேன்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது நான்தான். நரம்பு டாக்டர், நல்ல மனுஷர். சுத்தியலால் முட்டியில் தட்டினார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், படம் எடுத்தார். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, எதற்கும் கொஞ்ச நாள் சாப்பிடட்டும் என்று ஒரு மாத்திரை எழுதினார். மறுமுறை போனபோது அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். "அவங்களுக்கு ஒரு நோயும் இல்ல. மனசுல ஏதோ பயம். மாத்திரைய நிறுத்திடுங்க, தொடர்ந்தா அதுவே கைய நடுங்க வச்சிரும்."

வெளியே வந்தேன். அவள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தொடரச் சொல்றாரு. ரெண்டு வேளையா" என்றேன்.

பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக் கடைக்காரர் கேள்வி கேட்காமல் கொடுப்பார். நான் எடுத்துக் கொடுப்பேன், அவள் போட்டுக்கொள்வாள். ஒருநாள்கூட எதற்கு என்று கேட்டதில்லை. கொஞ்ச நாளில் கை நிஜமாகவே நடுங்க ஆரம்பித்தது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பாள். சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடுவேன். தலை பின்னக்கூடக் கற்றுக்கொண்டேன், மேடம், கொழுந்தியாளே பார்த்து அசந்துபோனாள். "அக்கா, மாமா மாதிரி ஒரு ஆளு கிடைக்கணுமே" என்றாள். என் மனைவி என் தோளில் சாய்ந்துகொண்டு டீவி பார்ப்பாள். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே அதுதான் நல்ல காலம். அவளைக் கேட்டுப் பாருங்கள், அவளும் அதைத்தான் சொல்லுவாள், அதாவது அப்போது கேட்டிருந்தால்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் எல்லாம் நின்றுபோய் என்னை அவசரமாகக் கூப்பிட்டார்கள். "நீங்க ஆடிக்கிட்டிருங்க, வந்துடறேன்" என்று கிளம்பினேன். பெட்டியில் தாமதம் அப்படியே இருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. அவள் தன் நாற்காலியைவிட என்னுடையது சௌகரியம் என்று அதில் உட்கார்ந்திருக்கிறாள். நடுங்குகிற கையோடு மூன்று பேரில் முதலாவதாக வந்திருக்கிறாள். அவளுடைய இடத்தில் உட்கார்ந்த சகலை, "இந்தக் கார் ஏன் சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்குது?" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். மறுபடி மாறியிருக்கிறார்கள். கொழுந்தியாள் கணக்கு டீச்சர் அல்லவா, அவளுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான் சூடாகப் பன் வாங்கிக்கொண்டு வந்தேன். கூடத்தில் ஒருவரும் ஆடவில்லை. சகலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி என் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"என் கை சரியாயிருச்சா, இல்ல நாற்காலி மாறினதாலயா?" என்றாள். சத்தம் போடவில்லை. "நீங்கதான டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனீங்க."

நான் பதில் சொல்வதற்குள் தங்கை வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் இருவரும் அந்த டாக்டரிடம் போயிருக்கிறார்கள். "நான் அப்பவே நிறுத்தச் சொன்னேனே" என்றிருக்கிறார் அவர். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், நீங்கள்தான் ஜீப்பில் வந்தீர்கள்.

நடுக்கம் குறையும், ஆனால் முழுக்கப் போகுமா என்று சொல்ல முடியாது என்கிறாராம் டாக்டர். கிரேனில் இனி ஏற்ற மாட்டார்களாம். கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது. நான் எதையும் மறுக்கவில்லை. தாமதத்தை வைத்தது நான். தங்கை உட்காரும்போது எடுத்ததும் நான். டாக்டர் நிறுத்தச் சொன்னது தெரிந்தே மாத்திரையைக் கூட்டிக் கொடுத்ததும் நான்தான். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிற அந்த 'ஏமாற்றி' என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். ஆட்டத்தில் நான் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. என் காரை நான் தொடவே இல்லை.