எஞ்சியிருந்த ஒன்பது நாள்

எனக்கு வாசிப்பதுதான் வேலை. ஆராய்ச்சியாளன் என்றதும் எல்லோரும் நுணுக்குக்காட்டியை நினைக்கிறார்கள். நானோ கண்டியில் ஓர் அறையில் இருந்துகொண்டு, ஒரு மருந்தைப் பற்றி உலகத்து வைத்தியர்கள் செய்த பரிசோதனைகளைத் தேடி எடுத்து, சொத்தையைத் தள்ளி, தேறியதைக் கூட்டிப் பார்த்து, மருந்து நல்லதா இல்லையா என்று சொல்கிறவன். "வாசிக்கிறதுக்கா சம்பளம் குடுக்கிறாங்க?" என்று அம்மா சாகும்வரை கேட்டார்.

தலசீமியாதான் என் பாடம். அந்தப் பிள்ளைகளுக்கு உடம்பில் நல்ல இரத்தம் ஊறாது. மாதாமாதம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற இரத்தத்தின் இரும்பு இதயத்தில் படியும். அதை வெளியேற்ற ஒரு புது மாத்திரை வந்திருந்தது. ஆறு பரிசோதனைகளைக் கூட்டினேன். நல்லது போலத் தெரிந்தது, அடித்துச் சொல்ல முடியவில்லை. ஏழாவது ஒன்று வேண்டியிருந்தது. அதை நானே செய்தேன். நாற்பது பிள்ளைகள், ஒரு வருடம்.

பிள்ளைகள் கிடைப்பதில் சிரமமில்லை. நான் கலஹாவில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். நம்ம புள்ள டொக்டர் குடுக்கிற மருந்து என்று யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கித் திரிந்த தவமணி அக்காவுக்குப் படிவத்தை வாசித்துக் காட்டப் போனேன். "நீ சொன்னா சரிதான் தம்பி, எங்க கையெழுத்து வைக்கணும்?" என்றார். அவர் மகள் யசோதினிக்குப் பதினொரு வயது. ஊசி குத்தும்போதும் சிரிப்பாள். எனக்கு அவளை மிகவும் பிடிக்கும். விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

மாத்திரைக்கு ஒரு குறை உண்டு. சிலருக்கு வெள்ளை அணுக்கள் விழுந்துவிடும். அதற்குப் பிறகு சின்னக் காய்ச்சலும் ஆளைக் கொண்டுபோய்விடும். ஆகவே காய்ச்சல் கண்டால் மாத்திரையை நிறுத்தி அன்றைக்கே இரத்தம் சோதிக்க வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான். மூன்று பிள்ளைகளுக்கு அப்படி ஆனால் பரிசோதனையையே நிறுத்த வேண்டும் என்று எழுதியவனும் நான். இரண்டு பேருக்கு ஏற்கெனவே ஆகியிருந்தது. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

வருடம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது தவமணி அக்கா போன் எடுத்தார்.

"தம்பி, பாப்பாவுக்கு ஒடம்பு அனலா கொதிக்குது. தொண்டையெல்லாம் புண்ணு. மாத்திரைய நிப்பாட்டிட்டு கூட்டிக்கிட்டு வரவா?"

"வேணாங்கக்கா, மழையில அலையாதீங்க. காய்ச்சலுக்கு பெனடோல் குடுங்க. மாத்திரையையும் விடாம குடுங்க."

"சரி தம்பி. நீ சொன்னா சரிதான்."

எல்லாக் காய்ச்சலும் அந்தக் காய்ச்சல் அல்ல. சோதித்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் அவள் மூன்றாவது, பரிசோதனையையே நிறுத்த வேண்டும், நிறுத்தினால் எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளுக்கு மாத்திரை போய்ச் சேராது. யோசித்துத்தான் சொன்னேன். மறுநாளும் அவர் கேட்டார், அதையே சொன்னேன். நாலாம் நாள் யசோதினி இறந்துவிட்டாள்.

செத்தவீட்டுக்குப் போனேன். "நீ எவ்வளவோ பாத்த தம்பி, எங்க தலையெழுத்து" என்று அக்கா என் கையைப் பிடித்து அழுதார். நானும் அழுதேன். திரும்பி வந்து பரிசோதனைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்கு நேரே, குடும்பம் கொழும்புக்கு இடம் மாறியது, தொடர்பில்லை என்று எழுதினேன். தோட்டத்துச் சனம் கொழும்புக்குப் போவது புதினமில்லையே.

என் பரிசோதனையை நானே மதிப்பிடக் கூடாது. அதனால் என் உதவியாளர் நுஸ்ஹாவிடம் கொடுத்தேன். விதி என்றால் விதிதான். மடவளை ஊர்ப் பிள்ளை, ஒன்றையும் விட்டுவைக்க மாட்டாள். கொழும்பு விலாசம் கேட்டு அக்காவுக்குப் போன் எடுத்திருக்கிறாள். பிறகு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "சேர், அவங்க எங்கயும் போகல்ல. புள்ளைய லயத்துக்குப் பின்னால அடக்கியிருக்காங்க." உங்களுக்கு எழுதிப் போட்டவளும் அவள்தான். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. வேலை சுத்தமான வேலை.

ஆம், பிழைத்திருக்கக்கூடிய பிள்ளையை நான்தான் சாகவிட்டேன். தெரிந்தே செய்தேன். ஆனால் இங்கே வருமுன் எல்லாவற்றையும் இன்னொருமுறை கூட்டிப் பார்த்தேன், அவள் சாவையும் சேர்த்து. விடை இம்மியும் மாறவில்லை, மாத்திரை நல்லதுதான். அக்கா கேட்ட அன்றைக்கே பரிசோதனையை நிறுத்தியிருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும். இதை யாராவது அவருக்கு ஆறுதலாக எடுத்துச் சொல்லுங்கள். எனக்கு இது பெரிய ஆறுதலாக இருக்கிறது.