நூற்றுப் பதினேழாம் மரம்

இந்த இரங்கல் கூட்டத்தின் தலைவர் கிருபாபாய் டீச்சர் அவர்களே, இந்த மண்டபத்தை இலவசமாகத் தந்து மேடையிலும் அமர்ந்திருக்கும் மர ஒப்பந்தக்காரர் உக்கிரபாண்டி அவர்களே, பெரியோர்களே, என்னோடு மரம் எண்ணிய தோழிகளே! பத்தாம் வகுப்பு மாணவி தேவகிருபை பேசுகிறேன். நடந்தது எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொல்லப் போகிறேன். ‘நல்லதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கு’ என்று சற்றுமுன் என் காதில் சொன்னவர் மன்னிக்க வேண்டும்.

கவுன்சிலர் நேசையன் அண்ணன் யார்? 1983இல் ராஜபாளையத்தில், கல்லூரி வாசல் வேம்பை வெட்ட வந்தபோது அதன் கீழே நான்கு நாள் பட்டினி கிடந்த மாணவர் தலைவர்! பசுமைக் கட்சி தொடங்கி, இரண்டு தேர்தல்களில் டெபாசிட் இழந்து, சென்ற ஆண்டு எங்கள் வார்டில் வென்றவர்!

“ஏலே நேசையா, மரமா வந்து ஒனக்கு ஓட்டுப் போடப் போகுது?” என்று டீக்கடை சுயம்புலிங்கம் அண்ணாச்சி கேலி செய்தார்.

“போடாது அண்ணாச்சி. ஆனா ஓட்டுப் போடுற நீங்க அதுக்கு அடியிலதான கடை போட்டிருக்கிய?”

அந்த அண்ணாச்சிதான் இதோ முதல் வரிசையில் அழுகிறார்.

ராஜபாளையம் சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களை ஏலம் விட்டார்கள். அண்ணன் கோர்ட்டில் தடை வாங்கினார். காற்றில் விழுந்த மரங்களை மட்டும் ஒப்பந்தக்காரர் எடுக்கலாம் என்றது உத்தரவு. அன்றிலிருந்து மரங்கள் காற்றில் விழத் தொடங்கின! உடனே அண்ணன் எங்களைத் திரட்டி, மரங்களுக்குச் சுண்ணாம்பில் எண் போட்டு, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுத வைத்தார். விதி ஒன்றுதான்: பார்த்ததை எழுதலாம், நினைத்ததை எழுதக்கூடாது.

போன சனிக்கிழமை நான் எழுதியது இது: ‘நூற்றுப் பதினேழு. சுற்றளவு பதினோரு அடி. இலை பச்சை. அடியில் ஈரமண் பூசியிருக்கிறது. மண்ணைத் தட்டிவிட்டால் மூன்று பக்கமும் ரம்பம் அறுத்த தடம்.’

ஞாயிறு ஆராதனை முடிந்து அண்ணனிடம் காட்டினேன்.

“ஏட்டி, நெசமாவே பாத்தியா?”

“பாத்தேண்ணே.”

“அப்போ காலையில நானும் பாத்துட்டு வாரேன். நீங்க யாரும் அந்தப் பக்கம் போவாதிய.”

திங்கள் காலை அந்த மரம் அண்ணன்மேல் விழுந்தது. காற்றில் விழுந்தது என்று எழுதிவிட்டார்கள். காற்று அடித்ததா? அடித்தது, அதையும் மறைக்கமாட்டேன். ஆனால் நூற்றுப் பதினாறு நிற்கிறது. நூற்றுப் பதினெட்டு நிற்கிறது. நான் எழுதியதை நம்பித்தான் அண்ணன் போனார். அதையும் மறைக்கமாட்டேன்.

மறுநாளே தூரைக்கூடத் தோண்டி எடுத்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது இந்த நோட்டு. நேற்றுப் பள்ளி வாசலில் இரண்டு பேர் வந்தார்கள். “நோட்டக் குடுத்திரு பாப்பா. படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு?” என்றார்கள். அவர்கள் இப்போது வாசல் கதவருகே நிற்கிறார்கள். பதினொரு பேர் இந்த நோட்டைப் படியெடுத்து வைத்திருக்கிறோம், ஐயா. நாளை காலை ஏழு மணிக்கு நூற்றுப் பதினெட்டிலிருந்து மறுபடி தொடங்குவோம்!

அறுத்த தடத்தோடு இன்னும் நிற்கும் மரங்களைப் படிக்கிறேன். அவற்றின் அடியில் யாரும் நிற்காதீர்கள். நூற்று இருபத்தாறு. நூற்று முப்பத்திரண்டு. நூற்று நாற்பது... அண்ணாச்சி, அது உங்கள் கடைக்கு மேலே நிற்பது. நூற்று...

சபையோரே, விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.