மாதேஷ் எதனால் செய்தான்

ராசாத்தி: குடியா? எம்பட ஊட்டுக்காரரு சாகற வரைக்கும் ஒரு சொட்டுத் தொட்டதில்ல.

ஈவ்லின்: மாதேஷ அடிச்சு வளத்தாருங்களா?

ராசாத்தி: பெத்தவ நான் கை ஓங்குனாலே கோவிச்சுக்குவாரு. டீயக் குடி கண்ணு, ஆறுது.

ஈவ்லின்: குடிக்கறனுங்க. பள்ளிக்கூடத்துல ஏதாச்சும் சண்ட...

ராசாத்தி: ஒரு வாத்தியாரும் என்னயக் கூப்புட்டு உட்டதில்ல. அப்பறம் எஸ்டேட்ல மொளகு பறிக்கப் போனான். அங்க கணக்கெழுதற ரைட்டருக்கே அவன் மேல நொம்பப் பிரியம்.

ஈவ்லின்: செத்துப்போன சேகரு மேல முன்பகை...

ராசாத்தி: பகையா? அன்னிக்குக் காலைல ரெண்டு பேரும் இங்கதான் களி தின்னாங்க. ஒரே வட்டல்ல. மத்தியானம்... மொளகு பறிக்கற ஏணிய யாரு தூக்கறதுன்னு பேச்சாமா. அதுக்குப் போயி கத்திய எடுத்து...

ஈவ்லின்: வேண்டாம்னா உட்டுருங்கம்மா.

ராசாத்தி: எல்லாரும் உடத்தான் சொல்றாங்க. நீ ஒருத்திதான் சேலத்துல இருந்து பஸ் ஏறி வந்து கேக்கற. என்னமோ படிக்கறேன்னயே?

ஈவ்லின்: குற்றவியலுங்க. மனுசங்க எதனால தப்புப் பண்றாங்கன்னு...

ராசாத்தி: எதனால?

ஈவ்லின்: சில பேரு வளப்பும்பாங்க. சில பேரு சேர்க்கைம்பாங்க. வறுமை, குடி, அவமானம்...

ராசாத்தி: இதுல எம்பையனுக்கு எது? சொல்லு சாமி. நான் வளத்ததுதான் தப்புன்னாலும் ஏத்துக்கறேன்.

ஈவ்லின்: எனக்குத் தெரியலீங்கம்மா.

ராசாத்தி: அப்ப மறுபடியும் செய்வானா மாட்டானான்னும் தெரியாது.

ஈவ்லின்: ஏனுங்க அப்படிக் கேக்கறீங்க?

ராசாத்தி: பொங்கலுக்குப் பரோல்ல வர்றான்.

ஈவ்லின்: நல்லதுதானுங்களே...

ராசாத்தி: ஊருல எல்லார்த்துகிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டுத் திரியறேன். ஆனா சின்னவ சுஜாதாவ வாழவந்தில எங்கக்கா ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டேன். படிக்கன்னு சொன்னேன். உள்ரூமுக்குப் புதுசா ஒரு தாப்பாளும் போட்டாச்சு. இத எழுதிப்போடாத கண்ணு. அவன் காதுக்குப் போயிரக் கூடாது.

ஈவ்லின்: நான் எழுத வர்லீங்கம்மா. போன வாரம் ஜெயில்ல மாதேஷப் பாத்தேன்.

ராசாத்தி: பாத்தயா... சோறு திங்கறானா? எதனாலன்னு சொன்னானா?

ஈவ்லின்: நான் கேட்ட எதுக்கும் வாயத் தொறக்கல. கெளம்பும்போது அவருதான் ஒண்ணு கேட்டாரு. "எங்கம்மா என்னயப் பாத்துப் பயப்படுதான்னு மட்டும் தெரிஞ்சுட்டு வந்து சொல்லுங்க. பயந்துச்சுன்னா எனக்குப் பரோல் வேண்டாம், இங்கயே இருந்துக்கறேன்"னாரு.