ஆறு மணிப் பூசையில் எழுந்த சாட்சி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அன்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் முதுபெரும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலும் பொறுமையை மனத்திலும் சுமந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மறைக்கல்வி ஆசிரியை லூயிசா அவர்களே! கடல் கடந்து வந்து எங்கள் மயிலையில் மூச்சுவிடும் ஈழத்துச் சொந்தங்களே! உங்கள் அனைவரையும் அகதிகள் பணிக்குழுவின் செயலாளன் இக்னேஷியஸ் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

நாலு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்றுத்தான் இறங்கியது. ஏன்? நேற்று நம் ஆலயத்தில் ஒரு கல்யாணம். அதோ, மாலையின் வாசம் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்களே, மகள் ஜெசிந்தாவும் மருமகன் அல்போன்சும், அவர்கள் கல்யாணம்! கைதட்டுங்கள், தட்டுங்கள். நேற்றுத் தட்டியது போதாது.

தாயையும் தகப்பனையும் போரில் பறிகொடுத்து, படகேறி வந்து, மந்தைவெளியில் ஒரே ஓர் அறையில் குடியிருப்பவள் ஜெசிந்தா. மணமகனோ நார்வேயில் மீன் ஆலையில் வேலை செய்பவர். கிடைத்தது ஒரே மாத விடுப்பு. வரும் வியாழன் விமானம். அதற்குள் திருமணம் முடிந்து சான்றிதழ் கிடைத்தால்தான் அவளை நார்வேக்கு அழைத்துக்கொள்ள விண்ணப்பம் எழுதிப்போட முடியும். இந்த முறை தவறினால் அடுத்த விடுப்புக்கு இரண்டு ஆண்டு. இரண்டு ஆண்டு அந்தப் பெண் யாரை நம்பி அந்த அறையில் இருப்பாள்?

திருமணத்துக்கு ஞானஸ்நானச் சான்று வேண்டும். அவள் ஊர்க் கோயிலின் பதிவேடு எங்கே? தெரியாது. கோயிலாவது நிற்கிறதா? அதுவும் தெரியாது. தபால் போகாத ஊருக்கு ஒன்றல்ல, மூன்று கடிதம் போட்ட மேதாவி நான்!

என் முன்னால் உட்கார்ந்து அந்தப் பெண் சொன்னாள்: "ஐயா, ஒண்டுதான் எனக்குத் தெரியும். அம்மா சொல்லுவா, என்ரை தலையிலை விடவேண்டிய தண்ணியை முதல்ல, என்னை ஏந்தி நிண்ட ஞானத்தாயின்ரை முக்காட்டிலை ஊத்தினவையாம்..."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கதை வேண்டாம்மா, காகிதம் வேண்டும்" என்றேன். கதையை நிறுத்தினேன், கண்ணீரைத் தொடங்கி வைத்தேன். முப்பது வருடம் பள்ளி அலுவலகத்தில் கோப்பு கட்டிய கை இது. காகிதத்தை நம்பும், கண்ணெதிரே இருக்கும் மனிதரை நம்பாது.

தந்தையவர்கள்தான் வழி சொன்னார். ஞானஸ்நானத்தை நேரில் கண்ட நம்பிக்கையான ஒரே ஒரு சாட்சி போதும் என்றார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பது நம் வழக்கமல்லவா? அந்த ஓலையோடு, "இவள் ஞானஸ்நானத்தை அறிந்தவர் எவரேனும் உண்டா?" என்றும் கேட்கச் சொன்னார். முதல் ஞாயிறு வாசித்தேன். இரண்டாம் ஞாயிறு தொண்டை கிழிய வாசித்தேன். மின்விசிறிதான் பதில் சொன்னது.

யாரப்பா அங்கே? மைக் செட் நாகராஜா? "சார், மேட்டருக்கு வா சார், டைம் ஆவுது" என்கிறார். இரு நைனா, வந்துவிட்டேன்!

அந்த இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் லூயிசா டீச்சர் என்னை மறித்தார். "சார், ஓலையை எந்தப் பூசையில படிச்சீங்க?"

"எட்டு மணிப் பூசையில். எப்போதும் அதில்தானே?"

"எட்டு மணிக்கு நம்ம குடும்பங்கதான் வருது. அந்தப் பொண்ணும் அதுலதான் பின்னாடி நிக்குது. சிலோன்காரங்க முக்கால்வாசிப் பேரு ஞாயித்துக்கிழமையும் வேலைக்குப் போறவங்க சார், ஆறு மணிக்கே வந்துட்டுப் போயிடறாங்க. அவளைத் தெரியாதவங்ககிட்டயே ரெண்டு வாரமா கேட்டுக்கினு இருந்தா எப்படி?"

அந்த இடத்திலேயே வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. இரண்டு ஆண்டுகளாகப் பணிக்குழுச் செயலாளன்! ஒரு நாளாவது ஆறு மணிப் பூசைக்குப் போயிருக்கிறேனா? இல்லை, இல்லவே இல்லை!

மூன்றாம் ஞாயிறு ஆறு மணிக்கு வாசித்தேன். பெயரைச் சொன்னேன், தகப்பன் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். கடைசித் தூணருகே ஒருவர் எழுந்தார். ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறையில் வேலை செய்யும் சவிரிமுத்து. ஒரு கையில் சைக்கிள் சாவி, மறு கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"ஃபாதர், உந்தப் பிள்ளையின்ரை ஞானஸ்நானத்துக்கு நான் நிண்டனான். எங்கடை ஊர்க் கோயிலுக்குத் தண்ணி அள்ளி வைக்கிறது அப்ப நான்தான். மெழுகுதிரி பட்டு ஞானத்தாயின்ரை முக்காடு பத்தினதெல்லே! குவளைத் தண்ணியை எடுத்து அவவின்ரை தலையிலை ஊத்திப்போட்டு, திரும்பக் கிணத்தடிக்கு ஓடினனான்!"

கேட்டீர்களா? தாய் மகளுக்குச் சொன்ன கதை! நான் வேண்டாமென்று வெட்டிய கதை! ஜெசிந்தாவை வளர்ந்த பிறகு பார்த்தே இராத ஒருவர் வாயிலிருந்து வருகிறது! நான் அழுதேன், ஐயா. அத்தனை பேர் முன்னால், ஆறு மணிக்கு, அழுதேன். தந்தையவர்கள் அன்றே சாட்சியை எழுதி, சவிரிமுத்துவிடம் கையெழுத்து வாங்கினார்.

பெரியோர்களே! அகதிக்கு அரிசி கொடுத்தோம், ஆடை கொடுத்தோம், அதுவே பணி என்று நினைத்தோம். ஊரை இழந்து வந்தவர் உண்மையில் இழந்தது எதை? "இவளை எனக்குத் தெரியும்" என்று சொல்லும் குரலை! அந்தக் குரல் நம் கோயிலுக்குள்ளேயே இருந்தது. இரண்டு மணி நேர இடைவெளியில் இருந்தது. இனி ஓலை இரண்டு பூசையிலும் வாசிக்கப்படும். இனி ஆறு மணிக்கு நானும் இருப்பேன், சவிரிமுத்துவின் பக்கத்தில் இருப்பேன். என்னோடு யார் வருவீர்கள்? கையைத் தூக்குங்கள்! இன்னும்... இன்னும்... ஆகா, நாகராஜும் தூக்குகிறார்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், வழிகாட்டிய தந்தைக்கும், என்னை வாசலில் மறித்த டீச்சருக்கும், சாட்சியாய் எழுந்த சவிரிமுத்துவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்.

மகளே ஜெசிந்தா, மேடைக்கு வா அம்மா. அன்று உன் கதையை நான் பாதியில் நிறுத்தினேன். இதோ மைக். முதலிலிருந்து சொல், நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.