வலியா, வலிப்பா

என் காதில் கோளாறு எதுவும் இல்லை, ஐயா. மருந்துக்கடைக்காரர் கேட்டது எனக்குத் தெளிவாகவே விழுந்தது.

அக்காவுக்குச் சிறுநீரில் கிருமி, நல்ல காய்ச்சல். அவளுக்குப் பேசத் தெம்பில்லாததால் டாக்டரிடம் நானே பேசினேன். வேறு நோய் உண்டா என்றார். இல்லை என்றேன். ஆன்டிபயாடிக் எழுதினார், உடம்புவலிக்குப் பாராசிட்டமால் போதும் என்றார். கடையில் நான் அதை விட்டுவிட்டு, மூட்டுவலிக்காரர்கள் போடுகிற மாத்திரையைக் கேட்டேன். கடைக்காரர் தயங்கினார்.

"ரெண்டும் சேந்தா சிலருக்கு ஒத்துக்காதுங்க. அவங்களுக்கு வலிப்பு இருக்கா?"

"வலிதாங்க, உயிர் போற வலி."

பின்னால் நின்றவர் சிரித்தார். மறுபடி கேட்கக் கூச்சப்பட்டுக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டார். பாவம், நல்ல மனிதர்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. பல வருடமாக வரவில்லை, அவ்வளவுதான். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். எனக்குத் தலை நரைத்த பிறகும் என் சட்டைக்குப் பொத்தான் தைத்தவள். அவள் திடீரென்று ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்றால் வயிறு எரியாதா? எரிந்தது.

ஒரே ஒரு தடவை வலிப்பு வந்து அந்த ஆள் கண்ணால் பார்த்துவிட்டால் தலைதெறிக்க ஓடிவிடுவார் என்று நினைத்தேன். இந்த இரண்டும் சேர்ந்தால் அவளுக்கு வலிப்பு வரும் என்று பழைய டாக்டர் ஒருவர் எப்போதோ எச்சரித்தது எனக்கு நினைவிருந்தது. அதனால் இரண்டு மாத்திரையையும் சேர்த்தே கொடுத்து வந்தேன். வெறும் வயிற்றில் ஒருநாளும் கொடுக்கவில்லை.

டிரைவர் பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தபோது வலிப்பு வந்தது. அவர் ஓடவில்லை. அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றித் தலைக்கு அண்டை கொடுத்தார்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க தம்பி!"

நான் போனை எடுக்கவில்லை. அவர் இனிமேலாவது ஓடுவார் என்று காத்திருந்தேன். வலிப்பு நிற்கவே இல்லை. கடைசியில் அவரே அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். வழியிலேயே அக்கா போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் அழுதுகொண்டே சொன்னார்: "மொதல்ல பேசினப்பவே எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாங்க. வந்தா என்ன செய்யணும்னு கத்துக் கொடுத்ததே அவங்கதான்."

கொடுத்தது நான்தான். தெரிந்தேதான் கொடுத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவரிடம் சொல்லிவிட்டேன் என்று என்னிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இன்று உயிரோடு இருந்திருப்பாள். கூடப் பிறந்தவனிடம் மறைத்தது அவள் தப்புதானே, ஐயா.