நீலக் கோட்டு போட்டு ஏறிய பெண்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகும்; பொறுத்துக்கொள்ளுங்கள். போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறேன். காலையில் கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி எங்கள் கம்பெனி. மற்றவள் காலேஜில் படிக்கிறவள். டவுன் பஸ்ஸை விட்டுவிட்டு, தோழியின் கம்பெனி நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு ஏறியிருந்தாள். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

“போன வைவா பரிச்சையில நேர்ல கேள்வி கேட்டாங்க, நான் வாயே திறக்கலடி. இன்னிக்கும் விட்டா ஒரு வருஷம் போச்சு. வைரஸுக்கு மூளையே இல்ல, அதுகூட என்னைவிட மேல்.”

“அது என்னடி பண்ணுது?”

“செல்லோட சவ்வுல இருக்கிற புரதத்துக்கு வால்ல ஒரு அடையாளம் இருக்கும். செல் அதைப் பார்த்துத்தான் எங்க அனுப்பணும்னு பிரிச்சு, குட்டிப் பையில ஏத்தும். சில வைரஸ் தன் புரதத்துலயும் அதே அடையாளத்தை வெச்சுக்கும். செல்லும் நம்மாளுன்னு ஏத்திக்கும்.”

“டிரைவர் கோட்டைப் பார்த்து உன்னை ஏத்தின மாதிரி.”

“ஆமாண்டி, நானே வைரஸ்தான்! ஐயோ, காலேஜ் வருது. கோட்டு போட்டவளுக்கு இங்க நிறுத்த மாட்டாரே! வைரஸ் வெளியே போகவும் வழி வெச்சிருக்கும். நான் ஏறறதுக்கு மட்டுந்தான் யோசிச்சேன்.”

கோட்டைக் கழற்றிவிட்டு எழுந்து கத்தினாள். “அண்ணா, நான் கம்பெனி இல்லைங்க! பரிச்சை இருக்குதுங்க!”

பஸ் நின்றது.

“தெரியும்மா,” என்றார் டிரைவர். “கம்பெனிப் பொண்ணு எவ பஸ்ல தூங்காம வர்றா? வழியெல்லாம் பேசினியே, அதையே அங்கயும் பேசு, போ.”

அடையாளம் வாலில் என்றாளா, தலையில் என்றாளா என்று இப்போது எனக்குச் சந்தேகம். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.