வெள்ளவத்தையின் மிகச் சுத்தமான காற்று

காலைத் தேநீரை ஆறுதலாகக் குடிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்குப் பெரிய ஆசைகள் இருந்ததில்லை. கமிட்டி கேட்டபடியால் எழுதித் தருகிறேன்: எல்லாம் அந்தத் தேநீரில்தான் தொடங்கியது.

கொழும்பில் பஸ்கள் ஓயாத காலி வீதியைப் பார்த்த எங்கள் தொடர்மாடிக்கு ஐந்து வருடமாக நான் செயலாளர். மூன்றாம் மாடிக் கார்த்திகன் பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவர். அவர்தான் என் பல்கனியில் அந்தச் சின்னக் கருவியை மாட்டினார். காற்றிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களை அது அளக்கும். கீழே லிஃப்ட் வாசலில் ஒரு விளக்கு. நல்ல காற்றென்றால் பச்சை, கெட்டதென்றால் சிவப்பு. அந்தத் தூசு நுரையீரலின் அடிவரை இறங்கும், புற்றுநோய் வரும் ஆபத்தையும் கூட்டும் என்று கூட்டத்தில் விளக்கினார். நல்ல பேச்சு. வடையும் நன்றாக இருந்தது.

முதல் வாரமே ஐந்து நாள் சிவப்பு. காலை ஆறரைக்கே என் கதவைத் தட்டினார்கள். ஜெனரேட்டரை நிறுத்தட்டாம், பஸ் புகையைப் பற்றி மேலிடத்துக்கு எழுதட்டாம். தேநீர் ஆறிப்போனது.

ஆகவே கருவியைக் கழற்றி என் படுக்கையறையில் வைத்தேன். அங்கே காற்றைச் சுத்தமாக்கும் மெஷின் ஓடுகிறது. எனக்குத் தூசு ஒத்துக்கொள்ளாது. அன்றிலிருந்து நாலு வருடம் பச்சைதான். கார்த்திகனும் கனடா போய்விட்டார். பக்கத்துக் கட்டடக்காரர் வந்து இரகசியத்தைக் கேட்டார்கள். பூச்சாடிகள் என்றேன். மறுவாரமே வாங்கி அடுக்கினார்கள்.

இரண்டாம் மாடி டோரின் மிஸ் அந்த விளக்கைக் கேட்டுத்தான் நடப்பார். சிகரெட்டையே தொடாத அவருடைய அக்கா நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர், அந்தப் பயம். பச்சை எரிந்தால் வீதிப்பக்கம் நின்று அரை மணித்தியாலம் மூச்சுப் பயிற்சி. நாலு வருடமும் ஒரு நாள் தவறவில்லை.

போன தை மாதம் அவருக்கும் அதே நோய் என்றார்கள். எதனால் வந்தது என்று அறுதியாகச் சொல்ல முடியாதாம், டொக்டரே சொன்னார். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

சிகிச்சை முடிந்து வந்தவரைப் பார்க்கத் தோடம்பழம் கொண்டுபோனேன். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. வெளியே எதிர்க்கடைப் பெயர்ப்பலகைகூடப் புகையில் தெரியவில்லை.

"ஒரே புழுக்கமா இருக்கு, மிஸ்டர் நாகேந்திரம். கீழ லைட் என்ன நிறம்?"

"பச்சை, மிஸ்."

"அப்ப திறக்கலாமோ?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் சிரமப்படக் கூடாதென்று நானே எழுந்து இரண்டு ஜன்னல்களையும் அகலத் திறந்துவிட்டேன். நோயாளிகளைப் பயப்படுத்துகிற ஆள் நான் இல்லை.